தொலைவேலைத் திறனைச் செய்முறைத் தாளாக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் வேலைவாய்ப்பு என்று பேச்சு எழுந்தாலே கட்டடங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, கருப்பூரில் டைடல் நியோ பூங்கா. இரண்டும் வந்தது நல்லதே. ஆனால் அந்த வாசல்களை மிதிக்காமலே தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இந்த ஊரில் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். பெங்களூரு நிறுவனத்துக்கு வாரம் இரண்டு நாள் நேரில், மற்ற நாள் வீட்டில் என்றிருக்கும் மென்பொருள்காரர்களை மட்டும் சொல்லவில்லை. வெளியூர்க் கம்பெனியின் டேலி கணக்கை ஐந்து ரோட்டில் ஒரு மாடியில் உட்கார்ந்து முடிக்கும் ஆடிட்டர் அலுவலக ஊழியர், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வடமாநில வியாபாரிக்குக் கொலுசு மாடலை வீடியோவில் காட்டி ஆர்டர் எடுப்பவர், பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பவர் எல்லாருமே செய்வது தொலைவேலைதான். இவர்களில் பலர் படித்தது பி.காம். அல்லது பி.ஏ.

எனவே இந்தத் திறனைக் கணினி அறிவியல் துறையின் தனிச்சொத்தாக விடாமல், பெரியார் பல்கலைக்கழகம் எல்லா இளநிலைப் பட்டங்களுக்கும் நான்காம் பருவத்தில் 2 கிரெடிட் செய்முறைத் தாளாகக் கொண்டுவர வேண்டும். திறன் மேம்பாட்டுத் தாள்களுக்குப் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. புதிதாக ஒரு தாளைச் சேர்க்க வேண்டியதில்லை, இருக்கும் இடத்தில் வைத்தால் போதும். யுஜிசி கணக்கில் செய்முறைக்கு ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரம். இரண்டுக்கு 60. பதினைந்து வாரத்துக்கு வாரம் 4 மணி.

இப்போது பல கல்லூரிகளில் நடப்பது வேறு. ஒருநாள் பயிலரங்கு வைத்து, ஜூமை எப்படித் திறப்பது, திரையை எப்படிப் பகிர்வது என்று ஸ்லைடில் காட்டி, மாலையில் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள். இதை மாணவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையே இல்லை. 2020, 2021-ல் பள்ளியில் இணைய வகுப்பில் உட்கார்ந்த தலைமுறை இது. அப்போது அவர்கள் பழகியது மைக்கையும் கேமராவையும் அணைத்துவிட்டுக் கேட்பது. வேலைக்குப் போனால் தேவைப்படுவது நேர் எதிரானது: பக்கத்தில் யாரும் இல்லாதபோது வேலையை நகர்த்துவது, நகர்ந்ததை மற்றவருக்குத் தெரியும்படி எழுதிவைப்பது.

அந்த எழுத்தில்தான் நம் பட்டதாரிகள் முதல் மாதமே சறுக்குகிறார்கள். "சார், ஒரு டவுட்" என்று அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். மேலாளர் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து "சொல்லுங்க" என்பார். அப்போது இவர் சாப்பிடப் போயிருப்பார். ஐந்து நிமிடக் கேள்விக்கு அரைநாள் போய்விடும். அதே கேள்வியை இப்படி எழுதலாம்: "ஜூலை மாதக் கொள்முதல் பதிவேட்டில் 112-ஆம் வரிசை பில், ஜிஎஸ்டிஆர்-2பி-யில் இல்லை. மே, ஜூன் இரண்டிலும் தேடினேன், அங்கும் இல்லை. விற்பனையாளரிடம் கேட்கலாமா, அல்லது இந்த மாதம் வரி வரவு எடுக்காமல் விட்டுவிடலாமா? 20-ஆம் தேதி தாக்கல் என்பதால் 18 மாலைக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் எடுக்காமல் விட்டுக் குறிப்பில் எழுதிவைக்கிறேன்." (2பி என்பது விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பில்களிலிருந்து ஜிஎஸ்டி தளம் மாதந்தோறும் தரும் பட்டியல்.) எந்தக் கோப்பு, எந்த வரிசை, என்ன பார்த்தாயிற்று, என்ன முடிவு வேண்டும், எப்போதைக்கு, பதில் வராவிட்டால் என்ன செய்வேன் என்ற ஆறும் இதில் இருக்கின்றன. கடைசி ஒன்றைத்தான் யாரும் எழுதுவதில்லை, வேலை அங்கேதான் நிற்கிறது. வகுப்பில் இதை ஒரு மணி நேரம் விளக்கிப் பயனில்லை. அறுபது மணி நேரத்தில் ஒரு மாணவர் இப்படி நாற்பது செய்தியாவது எழுதி, அதற்குப் பதில் வாங்கி, தெளிவில்லை என்று திரும்பி வந்ததை மாற்றி எழுதியிருக்க வேண்டும்.

ஆங்கிலம் வராதே என்பார்கள். முதல் ஐந்து வாரம் தமிழிலேயே எழுதட்டும். தமிழில் ஆறும் ஒழுங்காக வந்துவிட்டால் ஆங்கிலத்தில் இருபது வாக்கிய அமைப்புகள் போதும். தமிழிலேயே கேள்வி தெளிவில்லை என்றால் ஆங்கிலப் பயிற்சி அதைச் சரிசெய்யாது.

இதற்குப் பயிற்சிக்களம் எங்கே என்றால், பல்கலைக்கழகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகள். ஒரே கல்லூரி மாணவர்களைக் குழுவாக்கித் தொலைவேலை செய்யச் சொன்னால், கேன்டீனில் பேசி முடித்துவிட்டு வீட்டில் போய்ப் பதிவு எழுதுவார்கள். சேலத்தில் இருவர், ராசிபுரத்தில் இருவர், கிருஷ்ணகிரியில் ஒருவர் என்று ஐவர் குழு போட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். சில கல்லூரிகளில் காலை ஷிப்ட், மதியம் ஷிப்ட் என்ற முறை இருக்கிறது. அதை ஒரு தொல்லையாகவே பார்க்கிறோம். இந்தத் தாளுக்கு அது வரம். காலை ஷிப்ட் மாணவரையும் மதிய ஷிப்ட் மாணவரையும் ஒரே குழுவில் போட்டால், இருவரும் ஒருசேர ஓய்வாக இருக்கும் நேரம் பகலில் மிகக் குறைவு. நேர வித்தியாசம் உள்ள வேலையின் சிக்கல் முழுவதும் அமெரிக்கக் கம்பெனி எதுவும் இல்லாமலே கிடைத்துவிடுகிறது.

நிஜ நேர வித்தியாசத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வைக்க வேண்டும். நியூயார்க்கில் காலை 9 மணிக் கூட்டம் கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னே தள்ளியதும் அது 7.30 ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 6.30. லண்டன் மாற்றுவது அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும். அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் மூன்று ஊர்களுக்குமான கணக்கு வழக்கத்திலிருந்து மாறிக் கிடக்கும். புதிதாகச் சேர்ந்தவர் கூட்டத்தைத் தவறவிடுவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். காலண்டர் செயலியில் அழைப்பை நியூயார்க் நேரத்தில் பதிந்தால் அது தானே நகரும். இந்திய நேரத்தில் பதிந்தால் நகராது. இவ்வளவுதான் விஷயம், ஆனால் செய்து பார்க்காமல் நினைவில் நிற்காது.

குழுவுக்குக் கொடுக்கும் வேலை துறையைப் பொறுத்தது. வணிகவியலுக்கு 200 பில்கள் கொண்ட கொள்முதல் பதிவேட்டை 2பி-யோடு ஒப்பிடுவது. தமிழ்த்துறைக்கு, பாமினி எழுத்துருவில் கிடக்கும் நூறு பக்கத்தை யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்புத் திருத்துவது. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தும் அச்சகங்களில் பழைய எழுத்துரு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால், இந்த வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் தேடுகிறார்கள். வரலாற்றுத் துறைக்கு ஒரு சிறு நூலகத்தின் பழைய இதழ்களுக்கு அட்டவணை. கணினித் துறைக்குப் புதிதாக எழுதும் நிரல் வேண்டாம். யாரோ எழுதிய நிரலில் பிழை திருத்தி, ஏன் திருத்தினேன் என்று கிட் (Git) என்னும் நிரல் மாற்றப் பதிவுக் கருவியில் பதிவு செய்வது போதும்.

இந்தத் தாளின் உயிர்நாடி எட்டாம் வாரம். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவரை எடுத்து வேறு குழுவில் போட வேண்டும். போகிறவர் ஒரு பக்கத்தில் கையளிப்புக் குறிப்பு எழுத வேண்டும்: எது முடிந்தது, எது பாதி, கோப்புகள் எங்கே, யார் பதிலுக்குக் காத்திருக்கிறோம், எதைத் தொட்டால் உடையும். வருகிறவர் அந்தக் குறிப்பை மட்டும் வைத்து இரண்டு நாள் வேலை பார்க்க வேண்டும், பழையவருக்குப் போன் செய்யக்கூடாது. எங்கே தடுமாறினாரோ அதற்கு எழுதியவருக்கு மதிப்பெண் குறையும். இதைவிட நேர்மையான தேர்வு இந்தத் திறனுக்குக் கிடையாது.

கோப்புப் பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை. "பைனல்", "பைனல்-2", "புது பைனல்" என்று வைப்பதை முதல் வாரமே நிறுத்த வேண்டும். ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் முன்னால் எண் வைத்தால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். 2025-07-04 என்று. நாம் வழக்கமாக எழுதும் தேதி, மாதம், ஆண்டு வரிசையில் வைத்தால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகப் போய்ச் சேரும். வாட்ஸ்அப் குழுவில் வேலைக்கோப்பு அனுப்புவதையும் தடை செய்யலாம். படமாக அனுப்பிய பில் சுருங்கி எண் மங்கிவிடும், குரல் பதிவில் சொன்னதைத் தேடி எடுக்க முடியாது, போனை மாற்றினால் போயே போய்விடும். பகிர்ந்த ஆவணத்தில் வேலை பார்த்தால் யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற வரலாறு இருக்கும். குழு வேலையில் ஒருவரே எல்லாவற்றையும் செய்து ஐந்து பேர் பெயரைப் போடும் நம் நெடுங்கால வழக்கமும் அதில் அம்பலமாகிவிடும்.

ஹைப்ரிட் கூட்டம் என்பது தனிச் சிக்கல். பாதிப் பேர் அறையிலும் பாதிப் பேர் வெளியூரிலும் இருந்தால், அறைக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போய்விடுவார்கள், வெளியூர்க்காரருக்கு முணுமுணுப்பு மட்டும் கேட்கும். கல்லூரிகள் இதற்கு முதலில் பெரிய திரை வாங்குகின்றன. வாங்க வேண்டியது மைக். மேசை நடுவே வைக்கும் யுஎஸ்பி மைக், இரண்டு மூன்று மீட்டருக்குள் உள்ள குரலைத்தான் சரியாக எடுக்கும். அறுபது பேர் வகுப்பறையின் கரும்பலகை ஓரம் அதை வைத்துப் பயனில்லை. பன்னிரண்டு பேர் உட்காரும் சின்ன அறையைத் தேர்ந்தெடுத்து, மேசையைச் சுற்றி உட்கார வையுங்கள். மின்விசிறி மைக்குக்கு நேர் மேலே சுழன்றால் அந்தக் காற்றிரைச்சல்தான் முதலில் போய்ச் சேரும், மைக்கை நகர்த்த வேண்டும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருந்தால் குரல் எதிரொலித்துக் குழறும். இரண்டு பக்கம் கனமான திரைச்சீலையும் தரையில் ஒரு ஜமுக்காளமும் போதும், பெரிய செலவில்லை. ஒரே அறையில் இரண்டு மடிக்கணினியின் மைக்கும் ஸ்பீக்கரும் திறந்திருந்தால் ஊளையிடும். எல்லாரும் அவரவர் கணினியில் கூட்டத்தில் இருக்கலாம், ஆனால் ஒலி ஒரே ஒரு கருவி வழியாகத்தான். நடத்துபவர் ஒவ்வொரு தலைப்பிலும் முதலில் வெளியூர்க்காரரிடம் கருத்துக் கேட்ட பிறகே அறைக்குள் திரும்ப வேண்டும். முடிவுகளை யார் எழுதுகிறார் என்பதைக் கூட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுச் சூழலையும் மறைக்காமல் பேச வேண்டும். சேலத்தின் அம்மாப்பேட்டை, குகை வட்டாரங்களில் தறி ஓடும் வீட்டிலிருந்து வரும் மாணவரிடம் அமைதியான அறையில் உட்காருங்கள் என்று சொல்வது கேலியாகிவிடும். அவருக்குச் சொல்ல வேண்டியது இது: வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில் மைக் தண்டு நிற்கும் வயர் ஹெட்செட், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ப்ளூடூத் இயர்பட்ஸ் பாட்டுக்கு நன்றாக இருக்கும், ஆனால் மைக் திறந்ததும் ஒலித்தரம் இறங்கிவிடும். எப்போதும் மியூட்டில் இருந்துகொண்டு, பேசும்போது மட்டும் ஸ்பேஸ்பாரை அழுத்திப் பிடிக்கும் வசதி ஜூமில் இருக்கிறது. தறிச் சத்தத்தின் நடுவே வாயால் சொல்வதைவிட எழுதிச் சொல்வதே மேல் என்று குழு விதியிலேயே வைத்துவிடலாம். ஆய்வகத்துக்கு முப்பது ஹெட்செட் வாங்கி நூலகப் புத்தகம்போல இரவல் கொடுக்கக் கல்லூரியால் முடியும்.

ஏற்காடு, நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை மாணவர்கள் இந்தத் தாளால் அதிகம் பயன்பெற வேண்டியவர்கள். தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறாமல் சம்பாதிக்க வழி என்றால் அது இதுதான். தடைகளும் அவர்களுக்கே அதிகம். ஜூம் குழுக் கூட்டத்தில் வீடியோ ஏறத்தாழ விநாடிக்கு 1 மெகாபிட் போகவும், அதே அளவு வரவும் கேட்கும். இரண்டும் சேர்ந்து மணிக்குச் சுமார் 900 எம்பி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி திட்டம் வைத்திருப்பவருக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஒலி மட்டும் என்றால் விநாடிக்கு 80 கிலோபிட் வீதம் இருவழிக்கும் மணிக்கு 72 எம்பிதான். ஆகவே கேமரா திறந்தால்தான் வருகைப்பதிவு என்ற விதியை இந்தத் தாளில் வைக்கக் கூடாது. வருகையைப் பகிர்ந்த ஆவணத்தில் அன்று செய்த வேலையை வைத்துக் கணக்கிடுங்கள். இணைய வேகத்தைச் சோதிக்கும்போது பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். கூட்டத்தில் நம் குரல் துண்டுதுண்டாகப் போவதற்குக் காரணம் பதிவேற்ற வேகமும், பிங் எண் (தகவல் போய்வர ஆகும் நேரம்) நிலையில்லாமல் ஏறி இறங்குவதும். ஒரே இடத்தில் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சோதித்துக் குறித்துக்கொண்டால், எந்த நேரத்தில் கூட்டத்துக்கு ஒப்புக்கொள்ளலாம் என்று தெரியும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு உங்கள் நாளிதழிலேயே வருகிறது. அதைப் பார்த்து முந்தின நாளே குழுவுக்குச் சொல்லிவைப்பதும் இந்தத் திறனில் ஒன்று. ரௌட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டலாம். வாங்கும் முன் ரௌட்டர் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்க்க வேண்டும். 2 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு 1 ஆம்பியர் யுபிஎஸ் வைத்தால் அது விட்டுவிட்டு அணைந்து எரியும். வோல்ட் கூடினால் கருவியே போகலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாள்களில் பாதையோடு மின்சாரமும் சிக்னலும் போகக்கூடும் என்பதால், ஒப்படைக்கும் தேதியை நிகழ்வுக்கேற்ப நீட்டிக்கத் தாளின் விதிமுறையிலேயே இடம் வேண்டும். ஏற்காட்டில் ஏதேனும் ஓர் அரசுக் கட்டடத்தில் பத்து இருக்கையும் கம்பிவழி இணைப்பும் கொண்ட படிப்பு மையத்தைப் பல்கலைக்கழகம் மாவட்ட நிர்வாகத்துடன் சேர்ந்து அமைக்கலாம்.

பாதுகாப்புக்கு ஆறு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு, ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல், பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தால் வெளியேறும் முறை ஆகியவை அடிப்படை. வேறொருவர் கணினியைத் தொலைவிலிருந்தே இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலிகள் ஆடிட்டர் அலுவலகங்களில் அன்றாடக் கருவி, மோசடிக்காரர்களுக்கும் அதுவே கருவி. நாமாக அழைத்த ஆளுக்கு, நம் கண்முன், வேலை முடியும் வரை மட்டும் அனுமதி என்பதைப் பழக்க வேண்டும். "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி" என்று விளம்பரம் செய்து முன்பணம் கேட்பவர்கள், பிழை அதிகம் என்று காரணம் காட்டி ஒப்பந்த மீறல் என வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒன்றை அனுப்பிப் பணம் பறிப்பவர்கள், டெலிகிராமில் முதல் இரண்டு பணிக்குச் சில நூறு ரூபாய் போட்டுவிட்டுப் பிறகு டெபாசிட் கேட்பவர்கள் ஆகிய மூன்று வகையையும் மாதிரிச் செய்திகளோடு காட்ட வேண்டும். பணம் போனால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும், தாமதமாக ஆக மீட்பது கடினம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் அறிக்கை எழுதிவிடுவார்களே என்ற கேள்வி வரும். எழுதட்டும். வரிசை எண்ணும் கோப்புப் பெயரும் இல்லாத மூன்று பத்தி நயமான ஆங்கிலத்துக்கு இந்தத் தாளில் மதிப்பெண் கிடையாது என்றால் தீர்ந்தது.

கடைசியாக, பாடத்திட்டக் குழுக்கள் வழக்கமாகத் தொடாத இடம். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு இந்தத் தாளுக்குப் பொருந்தாது. "தொலைவேலையின் ஐந்து நன்மைகளை விளக்குக" என்று கேட்ட நாளிலேயே அது கைடு புத்தகத்துக்குப் போய்விடும். நாற்பது செய்திகள், ஆவண வரலாறு, கையளிப்புக் குறிப்பு, ஒரு ஹைப்ரிட் கூட்டத்தின் முடிவுப் பதிவு ஆகிய நான்கையும் வேறொரு கல்லூரி ஆசிரியர் பார்த்து மதிப்பிட வேண்டும். ஒரு மாணவருக்கு நிதானமாகப் பார்த்தால் நாற்பது நிமிடம் பிடிக்கும். விடைத்தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்ற இப்போதைய கணக்கிலேயே ஊதியம் கொடுத்தால் ஆசிரியர்கள் திறந்துகூடப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி மதிப்பெண் போடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மதிப்பீட்டுக்குத் தனி ஊதிய விகிதம், ஓர் ஆசிரியருக்கு இருபத்தைந்து மாணவருக்கு மேல் இல்லை என்ற வரம்பு, கல்லூரிகளிடையே குழுக்களை இணைக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஒருங்கிணைப்பாளர் ஆகிய மூன்றையும் அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் தாளோடு சேர்த்தே நிறைவேற்றும்படி பெரியார் பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வணிகவியல், கணினித் துறை ஆசிரியர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.